சீனியும் மைமூனும் ஒரே தாளில்

டாக்டர் சொன்னார் என்று எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு ரசம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியில் நான் எந்தப் பக்கம் வருகிறேன் என்பதை என் மனைவி விளக்குவதில்லை. ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறாள். நேற்று குக்கர் மூடியைத் திறந்ததும் அந்த வாடை கூடம் வரை வந்தது. மண்ணும் ஈரச் சாக்கும் கலந்தாற்போல, அடியில் லேசாக இனிப்புத் தட்டுகிற வாடை. மற்றவர்களுக்கு அது சமையல் வாடை. எனக்கு அது விண்ணப்பம் எழுதுகிற வாடை.

சிரிக்காதீர்கள். சர்க்கார் உத்தியோகத்தில் ஆள் எடுக்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுக் கட்டாக விண்ணப்பங்களைப் பார்த்தவன், பாதியைத் திருப்பி அனுப்பியவன். சான்றொப்பம் இல்லை, உரிய வழியில் வரவில்லை, பத்தி ஏழு காலியாக உள்ளது என்று திருப்புவதற்கான காரணங்கள் எனக்கு மந்திரம் மாதிரி மனப்பாடம். ஆனால் நான் முதன்முதலில் உட்கார்ந்து எழுதிய விண்ணப்பம் என் மேஜைக்கே வந்திருந்தால் முதல் பார்வையில் திருப்பி அனுப்பியிருப்பேன். அது ஒரு குதிரை வேலைக்கு எழுதியது.

எழுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காரைக்குடியில் காத்துக்கொண்டிருந்தேன். அப்போது நாங்கள் இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது. ஒரு மாவட்டத்தின் தலை இன்னொரு மாவட்டத்தில் இருக்கலாம் என்றால், எனக்கான வேலை வேறு எவனிடமோ இருந்ததில் என்ன அதிசயம்?

காத்திருந்த காலத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் உட்கார்ந்திருந்தேன். காலையில் பிள்ளைகள் வந்து மெஷினை அடித்து நொறுக்குவார்கள். மத்தியானத்துக்கு மேல் வெளியார் வேலை. வக்கீல் நோட்டீஸ், வீட்டு வாடகைப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக வரன் குறிப்பு. செட்டியார் வீடுகளில் பிள்ளைக்கும் பெண்ணுக்கும் வரன் பார்க்க ஒரு தாள் அடித்துக் கொடுப்போம். பெயர், நட்சத்திரம், எந்தக் கோயில் பிரிவு, சொந்த ஊர், தாய் மாமன் ஊர், நிறம், உயரம், உடன்பிறந்தார், அதில் கல்யாணம் ஆனவர்கள். கார்பன் வைத்து ஒரே அடியில் நாலு பிரதி எடுப்பேன். நாலாவது பிரதியில் எல்லா மாப்பிள்ளையும் ஒரே மங்கல். ஒரு மனிதனை ஒரு தாளில் அடக்கிச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

ஒருநாள் மத்தியானம் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு வயதான அம்மாள் படியேறி வந்தார். குதிரைக்கார இபுராகிம் ராவுத்தரின் தாயார். இபுராகிமைத் தெரியாதவர்கள் அப்போது ஊரில் இல்லை. அவரிடம் சீனி என்று ஒரு வெள்ளைப் பெண் குதிரை இருந்தது. வண்டி இழுக்கிற குதிரை அல்ல, மாப்பிள்ளை ஏறுகிற குதிரை. செட்டியார் வீட்டுக் கல்யாணமோ ராவுத்தர் வீட்டு நிக்காஹோ, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சீனிதான். சின்னப் பையன்களுக்குச் செய்கிற புதுமை விசேஷத்தில் அவர்களை நகையெல்லாம் போட்டுக் குதிரையில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள், அதற்கும் சீனிதான். தவில் ஒரு பக்கம், வெடி ஒரு பக்கம், தலைமேல் காஸ்லைட் என்று அத்தனை அமளியிலும் அது வீட்டுப் பசு மாதிரி நடக்கும். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு இபுராகிம் முன்னால் போவார். சில வாரங்களுக்கு முன்தான் அவர் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார்.

"குதிரைய விக்கிறோம் தம்பி" என்றார் அந்த அம்மாள். "மானகிரி காளவாசல்காரரு செங்கல் வண்டி இழுக்கக் கேக்குறாரு. எழுத்துல குடுன்னு சொல்றாரு. ஒரு காயிதம் அடிச்சுக் குடுங்க."

தாளை மெஷினில் ஏற்றினேன்.

"மெதுவா அடிங்க. அவசரமில்ல" என்றார். "வீட்டுல மருமக சோறு தண்ணி எறங்காமக் கெடக்கா. புருசன் போனதுக்கு அழுதா. குதிரை போறதுக்கு அழக்கூட மாட்டேங்குறா."

எனக்கென்று வேலை தேடி ஆங்கிலப் பேப்பரின் விளம்பரப் பத்தியைத் தினமும் எழுத்தெழுத்தாகப் படிக்கிற பழக்கம் எனக்கு. எனக்குப் பொருந்தாத வேலைகள்தான் அதில் நிறைய வரும். அன்று காலையில் அப்படி ஒன்று வந்திருந்தது. மலை மேலே பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஏறிப் பழகும் மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொள்ள, குதிரை பழகிய ஒரு பெண்மணி தேவை. தங்க இடம் உண்டு. ஏதோ பேச்சுக்குச் சொல்வது போலத்தான் அதைச் சொன்னேன்.

அந்த அம்மாள் துப்பட்டியை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொம்பளைக்கா? குதிரை வேலையா? சம்பளம் குடுத்தா?"

"ஆமாம்மா."

"அந்தக் காயிதத்த அடிக்காதீக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். "மருமக வரச் சொல்றா. அந்தப் பேப்பரையும் எடுத்துக்கிட்டு வாங்க."

சின்னச் சந்து, உயரமான சுற்றுச்சுவர், உள்ளே முற்றம். ஓரத்துக் கொட்டகையில் சீனி நின்றது. கல் அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. உள்கட்டு வாசலில் ஒரு சாக்குப் படுதா தொங்கியது. மருமகள் மைமூன் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கும் சற்று மேலாக வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இருப்பு அது. ஆகவே நான் முற்றத்தில் முக்காலியில், அவர் படுதாவுக்கு அந்தப் பக்கம், மாமியார் நடுவில். என் வாழ்க்கையில் எத்தனையோ நேர்முகத் தேர்வு நடத்தியிருக்கிறேன். முகமே இல்லாமல் நடத்தியது அது ஒன்றுதான்.

விளம்பரத்தில் கரிக்குலம் வீட்டே அனுப்பச் சொல்லியிருந்தது. அது என்னவென்று இன்ஸ்டிட்யூட் மாஸ்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். அவர் மூக்குப்பொடியை உதறிக்கொண்டு, "லத்தீன். நம்ம வரன் குறிப்புதாம்ப்பா, கல்யாணம் மட்டும் கெடையாது" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

"பேரு மைமூன். அத்தா ஊரு இளையாங்குடி" என்று படுதா சொன்னது. கணீரென்ற குரல்.

"நட்சத்திரம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எங்களுக்கு ஏது தம்பி நச்சத்திரம்? குதிரைக்குச் சுழி இருக்கு, வேணும்னா அத எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். உடம்பில் முடி சுழித்திருக்கிற சுழியைப் பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் குதிரையைத் தொடமாட்டார்கள். மலையில் மட்டும் கேட்காமலா இருப்பார்கள் என்று நினைத்தேன்.

"உடன்பிறந்தவங்க?"

"அண்ணன் ஒருத்தன். அவென் வீட்டுக்குத்தான் நான் போகணுமாம். அங்க ஆட்டுக்கே எடமில்ல, குதிரைக்கு எங்க?"

"நிறம்?"

"யாருக்கு? குதிரைக்கா, எனக்கா?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் இறந்த பிறகு முதல்முறையாகச் சிரித்திருப்பார் போலிருக்கிறது. சட்டென்று வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டார். "குதிரை வெள்ளை, இவ மாநெறம்" என்றார் துணிக்குள்ளிருந்து. "ரெண்டையும் போட்டுருங்க."

இரண்டையும் போட்டேன். அப்படித்தான் சீனியும் மைமூனும் ஒரே தாளில் ஏறினார்கள்.

கடைசியில் அனுபவம். "இதுவரைக்கும் குதிரைக்கு என்ன வேலை பார்த்தீக?"

"தட்டு அடிச்சேன்" என்றது படுதா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தெருவைக் காலையில் கடந்து போகிற எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தாம்பாளத்தைத் தட்டுவதும், தகர டின்னை உருட்டுவதும், தட்டத்தில் பொட்டுவெடி போடுவதும். இபுராகிமின் பெண்டாட்டிக்குக் கோபம் அதிகம், பாத்திரத்தை வீசுகிறாள் என்று ஊர் பேசிக்கொண்டது. விஷயம் அதுவல்ல. சத்தத்துக்குப் பழகாத குதிரை முதல் வெடிக்கே மாப்பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடும். அதனால் தினமும் அதன் முகத்துக்கு எதிரே நின்று சத்தம் போட்டு, நடுநடுவே வெல்லம் கொடுத்து, மேலே பூவை வீசி, கண்ணுக்கு நேரே லாந்தரை ஆட்டிப் பழக்கியிருக்கிறார். பழக்கியது அவர். ஊர்வலத்தில் போனது இபுராகிம்.

"அவுக கடிவாளத்தப் புடிச்சாக. ஊரு அவுகளத்தான் பாத்துச்சு" என்றார். பிறகு உடனே, "நல்லாத்தான் புடிச்சாக. கொறை சொல்லல" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் பேனாவை மூடித் திறந்தேன்.

இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? குதிரையின் எதிரில் நெடுங்காலம் தட்டு அடித்த அனுபவம் உள்ளவர் என்றுதான் எழுதினேன். எனக்குக் கற்பித்த இலக்கணத்தில் அதற்குமேல் வழி இல்லை.

அடுத்தது நற்சான்று. பொறுப்பான இரண்டு பேரிடம் வாங்கி இணைக்க வேண்டும். இத்தாவில் இருக்கிறவர் எங்கே போய் வாங்குவார்? நான்தான் போனேன். முதலில் போனது, சீனி மேல் ஏறி ஊர்வலம் போன ஒரு மாப்பிள்ளையிடம். இப்போது பெரிய உத்தியோகத்தில் இருந்தார். இபுராகிமைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரத் தயாராக இருந்தார். "அவர் சம்சாரத்தைப் பத்தி நான் எப்படி எழுத முடியும்? பார்த்ததே இல்லையே" என்றார். நியாயம்தான். வாசல் வரை வந்து, "அன்னைக்கு ரெண்டு பேர் என் காலைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க, அது எங்கயும் வர வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

யாரைக் கேட்டாலும் அதே பதில். குதிரையைத் தெரியும், இபுராகிமைத் தெரியும், மைமூனைத் தெரியாது. சுவருக்குள் நடந்த வேலைக்குச் சாட்சி யார்? அந்த வாரத்தில் காளவாசல்காரர் இரண்டு தடவை வந்து சீனியின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மாமியார்தான் யோசித்துச் சொன்னார். "கொத்தமங்கலத்து ஆச்சி ஒருத்தக வந்தாக. மகன் கலியாணத்துக்கு முன்னால, குதிரைய நானே பாக்கணும்னு வீட்டுக்குள்ளயே வந்துட்டாக."

கொத்தமங்கலத்துக்குச் சைக்கிளில் போனேன். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம் போன்ற வீடு. மூன்றாம் கட்டு முற்றத்தில் ஆச்சி வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ ஆரு மகன்?"

"கதவு வேலை ஆசாரி மகன் ஆச்சி."

"எங்க நெலைக்கதவுல ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்குது, வந்து பாக்கச் சொல்லு" என்றார். பிறகு, "எழுதிக்க" என்றார்.

"ஆச்சி, இது பொறுப்பான ஆளு கையெழுத்துப் போடணும். கெஜட்டட் ஆபீசர் மாதிரி..."

"இந்த வீட்டுக்குள்ள கலெக்டரு செருப்பைக் கழட்டிட்டுத்தான் வந்தாரு. எழுதுடா."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது, இன்னும் எனக்கு மனப்பாடம்: "இந்தப் பெண் குதிரை முன்னால் தாம்பாளம் தட்டியதை என் கண்ணால் பார்த்தேன். நான் பயந்தேன், குதிரை பயப்படவில்லை. என் மகன் பத்திரமாகக் கோயிலுக்குப் போய்வந்தான். இவளுக்குக் கை சுத்தம். வாய் கொஞ்சம் நீளம். பொய் சொல்ல மாட்டாள்."

"வாய் நீளம்ங்கிறது வேண்டாமே ஆச்சி."

"அது இருந்தாத்தான் மத்ததை நம்புவாக."

பிள்ளையார் சுழி போடாமல் ஆச்சி எதிலும் கையெழுத்திட மாட்டார். எனவே ஒரு முஸ்லிம் விதவைக்காக, பாதிரியார்கள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளையார் சுழி போட்டு ஒரு நற்சான்று போயிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பை நானே கீழே அடித்து, உண்மை நகல் என்று நானே கையெழுத்தும் போட்டேன். எனக்கு அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. இரண்டு நற்சான்று கேட்டதற்கு ஒன்றுதான் இருந்தது. விண்ணப்பிப்பவரின் குதிரையும் உடன் வரும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

பதில் வந்தது. நேரில் வரச் சொல்லி, தேதி போட்டு. அந்தத் தேதி இத்தாவுக்குள் விழுந்தது.

முற்றத்தில் அன்று கொள்ளு வேகவில்லை. "போயிட்டு வந்துரு" என்றார் மாமியார், படுதாவைப் பார்த்து. "அல்லாவுக்குத் தெரியும் ஒன் நெலம. எம் மகன்தான் போனான், நான் சொல்றேன், போ."

"போக மாட்டேன் மாமி."

"குதிரை போயிரும்டி."

"போனாப் போகட்டும்" என்றது படுதா. நிறுத்தி நிறுத்தி வந்தது பேச்சு. "அவுகளுக்காக நான் செய்ய வேண்டியதுன்னு இப்ப இது ஒண்ணுதான் பாக்கி. குதிரையக் காட்டி அத முறிக்க மாட்டேன்."

மாமியார் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முக்காலியில் உட்கார்ந்து, தேதியைத் தள்ளிவைக்கக் கோரி ஒரு கடிதம் எழுதினேன். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று தொடங்கியது. பின்னாளில் லீவு விண்ணப்பங்களில் அந்த வரியை எத்தனை தடவை பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். தமிழில் படித்துக் காட்டினேன்.

"இத்தான்னு எங்க இருக்கு?"

"அது அவங்களுக்குப் புரியாதுங்க."

"புரியலன்னாக் கேக்கட்டும். நான் என்ன களவா செய்றேன், மறைச்சு எழுத?"

மாற்றி எழுதினேன். இறந்த கணவருக்காக வீட்டுக்குள் இத்தா இருக்கிறார், இன்ன மாதம் முடியும், அதற்கு முன் வர மாட்டார். இயலாது என்று போடட்டுமா என்று கேட்டேன். மாட்டார் என்றே போடச் சொன்னார். இந்த மாதிரிக் கடிதம் பிற்பாடு என் மேஜைக்கு வந்திருந்தால், விண்ணப்பதாரருக்கு வேலையில் விருப்பமில்லை என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருப்பேன்.

அதன் பிறகு பதிலே இல்லை. காளவாசல்காரர் இன்னொரு தடவை வந்தார். "முடிவா ஒண்ணு சொல்லுங்கம்மா, நானும் வேற எடம் பாக்கணும்ல" என்று முற்றத்தில் நின்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை கழித்துச் சொல்வதாக மாமியார் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை தபால் வந்தது.

பள்ளிக்கூடத்துத் தலைமையம்மா தம் கையாலேயே எழுதியிருந்தார். டைப் கூட இல்லை, கோப்பு எண் இல்லை, பார்வை என்று முந்தைய கடிதத்தைக் குறிக்கிற வரி இல்லை. குதிரைகளுக்கு அவசரம் ஒன்றுமில்லை. அவர் தம் கணவருக்குரியதை முடித்துக்கொண்டு, அந்தக் குதிரையையும் கூட்டிக்கொண்டு வரட்டும். அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

நான் படித்துக் காட்டினேன். மாமியார் எழுந்து போய் அடுப்பை மூட்டினார்.

இத்தா முடிந்த பிறகு ஒரு லாரியில் வைக்கோல் பரப்பிச் சீனியை ஏற்றினார்கள். ஏறுமா என்று தெருவே பயந்தது. மோட்டார் உறுமலுக்கு அது காதைக்கூட ஆட்டவில்லை. மைமூன் வெள்ளைத் துப்பட்டியில் வந்தார். கண் மட்டும் தெரிந்தது. நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

"அந்தத் தாளு நகல் இருக்கா தம்பி? எம் பேரு எந்த எடத்துல இருக்குன்னு காட்டுங்க."

கார்பன் பிரதியை விரித்துக் காட்டினேன். அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சீனி பேரு?"

"கீழ இருக்கு."

"மேல போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் ஏறி, கூடவே புறப்பட்ட மாமியாருக்குக் கை கொடுத்தார்.

மலையிலிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. மாமியார் யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தார். குளிர் அதிகம், பிள்ளைகள் சீனி மேல் நன்றாக ஏறுகிறார்கள், மைமூன் அங்கேயும் காலையில் தட்டு அடிக்கிறாள், தலைமையம்மா காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்.

இங்கே அடுத்த முகூர்த்த மாதம் வந்தது. கொத்தமங்கலத்து ஆச்சியின் இளைய மகனுக்குக் கல்யாணம். மதுரையிலிருந்து ஒரு குதிரை கொண்டுவந்தார்கள். அழகான குதிரைதான். முந்தின நாள் ஒத்திகையில் ஒரே ஒரு வெடி போட்டார்கள். மறுநாள் விடிந்துதான் அதைக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் பிடிக்க முடிந்தது. நல்லவேளை, மாப்பிள்ளை அப்போது மேலே இல்லை. நிலைக்கதவைச் சரிசெய்ய வந்திருந்த அப்பாவுடன் நானும் அங்கே நின்றிருந்தேன். ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நல்லா எழுதினே நீ. ஊருக்கு இருந்த ஒரு குதிரையையும் அனுப்பிட்டே."

"கையெழுத்து நீங்க போட்டது ஆச்சி."

"போட்டேன்ல? போட்டது போட்டதுதான். அதுக்காகப் பொய்யா எழுதச் சொல்றே?" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "காரைத் தொடைக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த வீட்டு மாப்பிள்ளை காரில் போனதும் மற்ற வீடுகளும் காருக்கு மாறின. போகப் போக அதுவே பெருமையும் ஆயிற்று. இப்போது பூ ஒட்டிய திறந்த காரில் போகிறார்கள். போன மாதம் ஒரு ஊர்வலத்துக்கு ஒதுங்கி வழிவிட்டு நின்றேன். மாப்பிள்ளை கைப்பேசியில் யாருக்கோ பதில் அடித்துக்கொண்டே போனார். காதுக்குப் பக்கத்தில் வெடித்த சரவெடிக்கு நிமிரக்கூட இல்லை. சீனி மேல் உட்கார்ந்து போன மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் வெளிறிப்போய், இரண்டு கையாலும் சேணத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இந்தப் பயம் குதிரையை நினைத்தா, எங்க பொண்ணை நினைத்தா என்று பெண் வீட்டார் வாசலில் நின்று கேலி பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு இப்போது எந்த வாசலிலும் இல்லை.